சின்னவன் உறுமினான்

மோட்டார்காரரை அவர் வளர்த்த நாயே கடித்துவிட்டது என்பது தெருவுக்குத் தெரிய ரொம்ப நாள் ஆயிற்று. அவர் சொல்லவில்லை, அதுதான் காரணம். கையில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்து கடையைத் திறந்த அன்று, பக்கத்துக் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த சைக்கிள்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"என்னண்ணே, கைக்கு?"

"ஃபேன் றெக்கை பட்டுடுச்சு."

"இத்தனை வருஷமா ஃபேனோட குடும்பம் நடத்துறீங்க. இப்பப் போய் அது உங்கமேல கை நீட்டுதா?"

"வயசாச்சுல்ல. எனக்கில்ல, ஃபேனுக்கு."

சைக்கிள்காரர் சிரித்துவிட்டு டியூபைத் தண்ணீரில் அமுக்கினார். விஷயம் அத்தோடு முடிந்தது. ஃபேன் றெக்கை பட்டால் ஒரே கீறலாக விழும். கட்டுக்குள்ளே இருந்ததோ நாலு ஓட்டை. யார் அவிழ்த்துப் பார்க்கப்போகிறார்கள்?

வலியைவிட வெட்கம்தான் அவருக்குப் பெரிதாக இருந்தது. தெருநாய் கடித்தால் நாலு பேர் ஐயோ பாவம் என்பார்கள். சொந்த நாய் கடித்தால், இந்த மனுஷன் அதை என்ன பாடு படுத்தினானோ என்றுதான் யாருக்கும் தோன்றும். அவருக்கே அப்படித்தான் தோன்றியது. யோசித்து யோசித்துப் பார்த்தார். ஒன்றுமே செய்யவில்லை. வழக்கம்போல் சாயங்காலம் ஷட்டரை இறக்கிவிட்டு, நாயை வயிற்றில் கை கொடுத்துத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஏறினார். நாலாவது படியில் கடித்துவிட்டது. அவ்வளவுதான் நடந்தது.

கீழே கடை, மேலே இரண்டு அறை. கடையின் பின்பக்கச் சுவரை ஒட்டிச் செங்குத்தாக ஒரு குறுகிய படிக்கட்டு. கருகிப்போன மோட்டார்களின் வயிற்றைத் திறந்து, எரிந்த காயிலை வெட்டி எடுத்துவிட்டு, புதுச் செம்புக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துக் கொடுப்பது அவர் தொழில். உட்கார்ந்து வேலை பார்க்கும் மேசைக்கு அடியில்தான் பகலெல்லாம் சின்னவன் படுத்திருப்பான். பழுப்பு நிறம், ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடங்கியும் இருக்கும். வார்னிஷ் வாடையிலேயே வளர்ந்தவன்.

சின்னவன் என்று பெயர் வைத்தது மோட்டார்காரரின் மனைவி. அவர்களுக்கு ஒரே மகள். அவளைப் பெரியவள் என்று கூப்பிடுவார்கள். "சின்னவங்க யாரு?" என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். மனைவி மேசைக்கு அடியைக் காட்டுவாள். மகளும் விட்டுக்கொடுக்கமாட்டாள், பள்ளிக்கூடத்தில், "எனக்கு ஒரு தம்பி. கொஞ்சம் முடி ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். இப்போது மனைவி இல்லை. நாய்க்கு ஐந்து வயதிருக்கும்போது ஒரு மூளைக் காய்ச்சலில் போய்விட்டாள். பெரியவள் கல்யாணமாகிப் போய், கைக்குழந்தையோடு நகரத்தின் மறுகோடியில் இருந்தாள். வீட்டில் மிஞ்சியது மோட்டார்காரரும் சின்னவனும்தான்.

அந்தக் கடைக்கு யார் எதைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "சத்தம் வருதா?" என்பதுதான். வருகிறது என்றால் அவருக்கு முகம் மலரும். கீச்சென்றால் புஷ் தேய்ந்திருக்கும், கரகரவென்றால் பேரிங் போயிருக்கும், உம்மென்று முனகிக்கொண்டே சுற்றாமல் நின்றால் கண்டென்சர். சத்தமே இல்லாமல் ஓடி ஒருநாள் புகைந்துபோகும் மோட்டாரைத்தான் அவருக்குப் பிடிக்காது. "வாயத் திறந்து சொல்லித் தொலைச்சிருந்தா ரெண்டு சொட்டு எண்ணெயில போயிருக்கும், சனியன்" என்று திட்டிக்கொண்டே பிரிப்பார்.

மாடி ஏறியதும் அதே வார்த்தை வேறு வேலை பார்க்கும். பகலெல்லாம் இரைச்சலைத் தின்ற காதுக்கு வீட்டில் ஓய்வு வேண்டும். பாத்திரம் கொஞ்சம் மோதினால், "சத்தம்!" என்பார். மகள் எதற்காவது விசும்பினால், "சத்தம்!" மனைவி பக்கத்துவீட்டுக்காரி சொன்ன சுடுசொல்லைச் சொல்லிக் குமுறினாலும் அதுவே. குரலை உயர்த்த மாட்டார், யார்மேலும் கை வைக்க மாட்டார். அந்த ஒரு சொல்லை அவர் சொன்னதும் வீடு அணைத்த ஃபேன் மாதிரி மெல்லச் சுற்றி நின்றுவிடும். நல்ல குடும்பம், ஒரு சண்டை சச்சரவு உண்டா என்று தெரு பேசியது.

சின்னவனுக்கு மட்டும் சொல்லோடு மூக்கில் ஒரு தட்டும் சேர்ந்து கிடைத்தது. குட்டியாக இருந்தபோது எலும்பைக் கவ்விக்கொண்டு உறுமுவான். "சத்தம்!", ஒரு தட்டு. காது சுத்தம் செய்யப் போனால் உறுமுவான். "சத்தம்!", ஒரு தட்டு. கொஞ்ச நாளில் உறுமலே நின்றுபோயிற்று. மோட்டார்காரருக்கு அதில் பெருமை தாளாது. கடைக்கு வருகிறவர்களிடம், "பாருங்க" என்று சொல்லி, தின்றுகொண்டிருக்கும் நாயின் வாய்க்கு அடியிலிருந்து தட்டை இழுத்துக் காட்டுவார். நாய் அசையாமல் நிற்கும். "வளர்ப்பு, சார். எல்லாம் வளர்ப்பு."

இரண்டாவது கடி விழுந்தபோது ஃபேன் கதை எடுபடவில்லை. அதுவும் சாயங்காலம்தான், அதே படிக்கட்டுதான். இந்த முறை வலது கட்டைவிரல். கம்பியை இழுத்துப் பிடித்துச் சுற்றுகிறவனுக்குக் கட்டைவிரல் போனால் பாதி உயிர் போன மாதிரி. வீங்கிய விரலோடு அவர் ஸ்க்ரூ ஒன்றைத் திருகத் தடுமாறிக்கொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமை, பெரியவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள்.

அவள் ஒரு பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் எடுக்கிறவள். அடுத்தவர் கையைப் பார்ப்பதே அவள் பிழைப்பு. குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, அப்பாவின் கையை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"என்னப்பா இது?"

"ஃபேன்..."

"எந்தக் கம்பெனி ஃபேனுக்குப்பா பல்லு வச்சிருக்கான்?"

அவர் மேசைக்கு அடியில் பார்த்தார். அவளும் குனிந்து பார்த்தாள். சின்னவன் வாலை ஒருமுறை தரையில் தட்டினான்.

"தம்பியா? உங்களையா? எத்தனை தடவை?"

"இது ரெண்டாவது. திடீர்னு கடிச்சுட்டான்மா. ஒண்ணுமே பண்ணல நான்."

அன்றே அவரை இழுத்துக்கொண்டு போய் ஊசி போடவைத்தாள். திரும்பி வந்து, கடைக்குள்ளே ஸ்டூலில் உட்கார்ந்து, குழந்தைக்குப் பிஸ்கெட்டை நனைத்து ஊட்டியபடி, முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"நான் வேற ஒண்ணு கேக்க வந்தேன்பா. அவரு வீட்டுலேர்ந்து கிளம்பிட்டேன். ஒரு வாரமாச்சு. கூட வேலை பாக்குற அக்கா வீட்டுல இருக்கேன். இங்க வந்துடலாமான்னு கேக்கத்தான் வந்தேன்."

நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று பகீரென்றது, இன்னொன்று ஐயோ வீட்டுக்கு ஆள் வருகிறதே என்று குதித்தது. "என்னம்மா, திடீர்னு?" என்றார்.

அவள் குழந்தையின் வாயைத் துடைத்தாள். பிஸ்கெட்டைப் பார்த்தாள்.

"ஆனா இவ இப்பத்தான் நடக்கப் பழகுறா. கண்டதையும் பிடிச்சு நிக்கிறா. தம்பி காதையும் பிடிப்பா. உங்களையே கடிச்சவன்... ஏதாவது ஒரு வழி பண்ணுங்கப்பா. அடுத்த மாசக் கடைசி வரைக்கும் அந்த அக்கா வீட்டுல சமாளிச்சுக்கிறேன்."

"பண்றேம்மா. நீ வா. மத்ததெல்லாம் நான் பாத்துக்கிறேன்."

சொல்லிவிட்டாரே தவிர, என்ன வழி என்று தெரியவில்லை. சைக்கிள்காரரிடம் உண்மையைச் சொன்னார். அவர் ஸ்பேனரை வைத்துவிட்டு நெற்றியைத் தடவினார். "தெரிஞ்ச வேன் ஒண்ணு இருக்குண்ணே. சந்தைப் பக்கம் கொண்டுபோய் விட்டா எச்சில் இலையில பொழச்சுக்கும்."

"பத்து வயசுல அவன் சந்தையில போய்ப் பொழைப்பானா?"

"அப்ப ஊசி போட்டுடுங்க. ஒரேயடியா."

"யோவ், வாயக் கழுவு."

இரண்டில் எதற்கும் மனம் ஒப்பவில்லை. கடைசியில் ஒரு ஆட்டோவைப் பிடித்து நாயைக் கால்நடை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். ஏற்றும்போது தூக்கவில்லை, பலகை ஒன்றைச் சாய்த்துவைத்து, பிஸ்கெட்டைக் காட்டி ஏறவிட்டார். பயம்தான்.

மருத்துவமனையில் இருந்தது இளவயதுப் பெண் டாக்டர். மகளைவிடச் சிறியவளாக இருப்பாள். எடுத்த எடுப்பில் நாயைத் தொடவில்லை. நாற்காலியைத் தள்ளிப்போட்டு உட்கார்ந்து, நாயைப் பார்க்காத மாதிரி இவரிடம் பேசிக்கொண்டிருந்தாள். எப்போது கடித்தது, எங்கே நின்றுகொண்டிருந்தீர்கள், கை எங்கே இருந்தது. ரெண்டு தடவையும் வயிற்றுக்கு அடியில் கை கொடுத்துத் தூக்கியபோது என்று சொல்லும்போதுதான் அவருக்கே அது ஒன்றுபோல் இருப்பது உறைத்தது.

"கடிக்கிறதுக்கு முன்னாடி உறுமுச்சா?"

"சேச்சே. சத்தமே போடமாட்டான்மா. அந்த விஷயத்துல தங்கம்."

"எப்பவுமே உறுமாதா?"

"குட்டியில உறுமுவான். நாந்தான் மூக்குல தட்டித் தட்டி நிறுத்தினேன்." பழைய பெருமை குரலில் எட்டிப் பார்த்தது.

டாக்டரம்மா நாய் கடிக்காமலிருக்க அதன் வாய்க்கு ஒரு கூடு மாட்டினாள். அதையும் திணிக்கவில்லை, கூட்டுக்குள் தின்பண்டத்தைத் தடவி, அவனாக மூக்கை நுழைக்கும்வரை காத்திருந்தாள். பிறகு கழுத்திலிருந்து முதுகுவழியே மெதுவாக விரலால் அழுத்திக்கொண்டே வந்தாள். இடுப்புக்கு வந்ததும், "இப்ப இவன் மூஞ்சியப் பாருங்க" என்றாள்.

சின்னவன் நாக்கால் மூக்கை ஒருமுறை நக்கினான். தலையை அந்தப்பக்கம் திருப்பினான். கடைக்கண்ணில் வெள்ளை தெரிந்தது. உடம்பு பலகை மாதிரி விறைத்தது. டாக்டரம்மா சட்டென்று கையை எடுத்துவிட்டாள்.

"கூடு மட்டும் இல்லன்னா, இன்னும் ஒரு அழுத்துல கடிச்சிருப்பான். ரெண்டு இடுப்பு மூட்டும் தேஞ்சுபோயிருக்கு. நீங்க தூக்குறப்ப முழு எடையும் அதுல தொங்குது. உயிர் போற வலி. இவ்வளவு வலியில ஒரு சின்னச் சத்தம் கூட வரல, பாத்தீங்களா?"

"திடீர்னுதான் இப்படி..."

"திடீர்னு எந்த நாயும் கடிக்காதுங்க. முதல்ல மூஞ்சியத் திருப்பும். நக்கிக்கும். விறைச்சு நிக்கும். அப்பவும் புரியலன்னா உறுமும். உறுமல்ங்கிறது, 'கடிக்க எனக்கு இஷ்டமில்ல, தள்ளிப் போ'ன்னு சொல்றது. அதத்தான் நீங்க அடிச்சு நிறுத்திட்டீங்க. மீதி அவன்கிட்ட இருந்தது பல்லு மட்டும்தான்."

அவர் நாற்காலியின் கைப்பிடியைத் தடவிக்கொண்டே இருந்தார். தட்டை இழுத்துக் காட்டியதெல்லாம் கண்ணுக்குள் வந்தது. வளர்ப்பு, சார். எல்லாம் வளர்ப்பு.

வலிக்கு மாத்திரை கொடுத்தாள். இனிமேல் தூக்கக் கூடாது, படி ஏற்றக் கூடாது, படுக்கை கீழேயே இருக்கட்டும். படுத்திருக்கும் இடத்துக்குப் போய்த் தொடாதீர்கள். கூப்பிடுங்கள், வந்தால் தொடுங்கள். வராவிட்டால் விட்டுவிடுங்கள். வாய்க்கூட்டைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள். உறுமினால் திட்டாதீர்கள், செய்துகொண்டிருப்பதை நிறுத்திவிட்டுத் தள்ளிப்போங்கள்.

"அம்மா, வீட்டுக்கு ஒரு கைக்குழந்தை வருது."

அவள் பேனாவை மூடினாள். "கம்பிக் கதவு போட்டுத் தனித்தனியாத்தான் வைக்கணும். பெரியவங்க பக்கத்துல இல்லாம ஒரு நிமிஷம்கூட ரெண்டு பேரையும் ஒண்ணா விடக்கூடாது. ஒரு நாள் மறந்தாலும் போச்சு. எல்லாராலயும் அது முடியறதில்ல. முடியலன்னு சொல்றவங்கள நான் தப்பு சொல்லமாட்டேன். கேரண்டி மட்டும் என்கிட்ட கேக்காதீங்க."

அன்றிலிருந்து மோட்டார்காரர் கீழே படுக்க ஆரம்பித்தார். மேசையை ஒரு ஓரம் தள்ளி, பாயை விரித்து, தூரத்தில் நாய்க்கு ஒரு பழைய மெத்தை. மேலே மனைவியோடு இருந்த அறைகள் பூட்டிக் கிடந்தன. படிக்கட்டின் அடியில் அவரே கம்பிக் கதவு ஒன்று அடித்து மாட்டினார், தாழ்ப்பாள் குழந்தைக்கு எட்டாத உயரத்தில்.

இத்தனை வருஷம் கூடவே கிடந்த ஜீவனை அவர் அப்போதுதான் பார்க்கத் தொடங்கினார். துணி எடுக்கக் குனிந்தால் மூக்கை நக்குகிறான். நெருங்கி நின்றால் தலையைத் திருப்புகிறான். கொட்டாவி விடுகிறானே என்று நினைத்திருந்தது கொட்டாவியே இல்லையாம், அதுவும் தள்ளிப் போ என்பதுதானாம். எத்தனை தடவை இப்படிச் சொல்லியிருப்பான்! ஒவ்வொன்றுக்கும் அவர் கையை எடுத்தார், பின்னே போனார். சைக்கிள்காரர் எட்டிப்பார்த்துவிட்டு, "என்னண்ணே, சாமி சன்னிதியில நிக்கிற மாதிரி கையக் கட்டிக்கிட்டு நிக்கிறீங்க?" என்றார்.

"நீ உன் பெல்லைப் பாருய்யா."

மாத்திரை வேலை செய்தது. சின்னவன் பின்னங்காலை இழுக்காமல் நடந்தான். ஆனால் குரல் மட்டும் வரவில்லை. விறைப்பான், கண்ணில் வெள்ளை காட்டுவான், மூச்சை அடக்கிக்கொள்வான். அதற்குமேல் தொண்டை திறக்காது. சத்தம் போட்டால் மூக்கில் விழும் என்று அவனுக்குள் ஏறியது அத்தனை ஆழத்தில் ஏறியிருந்தது.

பெரியவள் கெடு சொன்ன மாதம் முடியப்போகும் சமயம் ஒரு காலையில், மெத்தையடியில் உருண்டுபோன பேரிங் ஒன்றை எடுக்க, டாக்டரம்மா சொன்னதை மறந்து கையை நீட்டிவிட்டார். கர்ர்ர் என்று ஒரு சின்ன ஒலி கேட்டது. துருப்பிடித்த புஷ் முதல்முறை அசைகிற மாதிரி, நடுவில் இரண்டு இடத்தில் அறுந்து அறுந்து வந்தது. அவர் கை அந்தரத்திலேயே நின்றது. சின்னவன் அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டான். அவர் மெல்லக் கையை இழுத்து, முட்டியால் நகர்ந்து பின்னே போய், படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டார். அடி விழாததால் நாய் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது. அவருக்குக் கண்ணைக் கரித்துக்கொண்டு வந்தது.

கடைக்கு வெளியே ஓடினார். "யோவ்! உறுமிட்டான்யா!"

"என்னண்ணே, பிள்ள முதல் தடவையா அப்பான்னு கூப்பிட்ட மாதிரி சொல்றீங்க."

"அப்படித்தான்னு வச்சுக்கோயேன்."

பெரியவள் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தாள். கம்பிக் கதவு, வாய்க்கூடு, மேலே கழுவித் துடைத்த அறைகள், ஜன்னலில் புதுத் திரை, எல்லாவற்றையும் அவர் ஒவ்வொன்றாகக் காட்டினார். படிக்கட்டுப் பக்கம் அவளும் குழந்தையும், கடைப்பக்கம் நாய். நடுவில் கதவு. அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. "தம்பி இளைச்சுட்டான்ல" என்றாள். குழந்தை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது. பிறகு இரண்டு கையாலும் கம்பியைப் படபடவென்று அடித்துச் சிரித்தது.

சின்னவன் உறுமினான். இந்த முறை அறுபடவில்லை; நீளமாக, கனமாக, நெஞ்சிலிருந்து வந்தது. பெரியவள் குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு மூன்று படி ஏறிவிட்டாள்.

"பயப்படாதம்மா! இது நல்லது. இப்படி உறுமணும்னுதான் இத்தனை நாள் பாடுபட்டோம். முன்னெல்லாம் சொல்லாம கடிப்பான். இப்ப வாயத் திறந்து சொல்றான் பாரு. சொன்னா நாம தள்ளிப் போயிடலாம். அதட்டவே கூடாதாம். அதட்டி அதட்டித்தான் அவன் ஊமையாப் போனான். தப்பு அவன்கிட்ட இல்லம்மா, நம்மகிட்டதான்..."

உற்சாகத்தில் பேசிக்கொண்டே போனவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். அவள் படியில் உட்கார்ந்திருந்தாள். குழந்தையின் தலைக்கு மேலே அவள் வாய் கோணியது. அவள் சிரிக்கிறாள் என்று நினைத்தார்.

"இது டாக்டர் சொன்னதாப்பா?"

"ஆமாம்மா."

"நாய்க்குச் சொல்லியிருக்காங்க. நல்லா இருக்கட்டும்." மூக்கை உறிஞ்சினாள். "கல்யாணமான ரெண்டாம் மாசம் உங்களுக்கு போன் பண்ணினேன். ஞாபகம் இருக்கா? அவரு பேசுறதே ஒரு மாதிரி இருக்குப்பான்னு ஆரம்பிச்சேன். சத்தம் போடாம அனுசரிச்சுப் போம்மான்னீங்க. அப்புறம் இவ வயித்துல இருந்தப்ப ஒரு தடவை. அதுக்கும் அதே பதில். அப்புறம் நான் சொல்றத விட்டுட்டேன். அங்கயும் சொல்லல, இங்கயும் சொல்லல. நல்ல பொண்ணு, வாயே கிடையாதுன்னு அவங்க வீட்டுலயும் பேரு வாங்கினேன். கிளம்பின அன்னைக்கு எல்லாரும் கேட்டாங்க, என்ன திடீர்னுன்னு. நீங்களும் கேட்டீங்க. நான் திடீர்னு வரலப்பா."

அவள் குரல் ஏறிக்கொண்டே போனது. தெருவுக்குக் கேட்கும். சைக்கிள்காரர் காதில் விழும். மோட்டார்காரரின் நாக்கு நுனிக்கு அந்தச் சொல் வந்துவிட்டது. உதடுகூடப் பிரிந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டாள். பேச்சை நிறுத்தி, அவர் வாயையே பார்த்தபடி இருந்தாள், சின்னவன் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்த மாதிரியே.

அவர் சொல்லை விழுங்கினார். ஸ்டூலை இழுத்துப்போட்டுக் கதவுக்குக் கடைப்பக்கமாக உட்கார்ந்தார்.

"சொல்லும்மா" என்றார்.

அவள் சொன்னாள். பூட்டிவைத்த சமையலறையைப் பற்றி, பிடுங்கி வைத்துக்கொண்ட போனைப் பற்றி, குழந்தை அழுதால் தன் கன்னத்தில் விழுந்த அறையைப் பற்றி. அம்மா ஒருநாள் பாத்திரம் கழுவும் இடத்தில் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தில் அழுததை அவள் பார்த்திருந்ததையும் சொன்னாள். அம்மா அன்று எதற்கு அழுதாளென்று இருவருக்குமே தெரியாது. கேட்பதற்கு இப்போது ஆளும் இல்லை. குழந்தை அவள் மடியிலேயே தூங்கிப்போயிற்று.

எல்லாம் முடிந்தபின் அவர், "இங்க வந்துடும்மா" என்றார்.

"முடியாதுப்பா. கோவத்துல சொல்லல. காலையில நான் வேலைக்குப் போயிட்டா, இவள நீங்கதான் பாக்கணும். ஒரு ஆள் மோட்டாரோட வந்து நிப்பான். நீங்க பேச்சு சுவாரஸ்யத்துல அந்தத் தாழ்ப்பாளை மறப்பீங்க. ஒரே ஒரு தடவை போதும். தம்பி இருக்கிற வரைக்கும் நான் வரமாட்டேன்."

அவர் கம்பிக்கு அந்தப்பக்கம் பார்த்தார், இந்தப்பக்கம் பார்த்தார். குரல் தணிந்து, "வேணும்னா... டாக்டரம்மாகிட்டச் சொல்லி, ஒரு ஊசி..." என்று இழுத்தார்.

"அப்பா!" அவள் எழுந்துவிட்டாள். "எனக்காக அவனக் கொல்லாதீங்க. அந்தப் பாரத்தத் தூக்கி என் தலையில வைக்காதீங்க. அம்மா புட்டிப்பால் குடுத்து வளர்த்தவன். வலிக்குதுன்னு சொன்னது அவன் தப்பா?"

அடுத்த வாரம் அவள் வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்தில் ஒற்றை அறை ஒன்று பிடித்தாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டுக்காரம்மா ஒப்புக்கொண்டாள். மோட்டார்காரர் போய் ஃபேன் மாட்டிக் கொடுத்தார், அலமாரிக்கு ஆணி அடித்தார், தண்ணீர்க் குடத்தைத் தூக்கிவைத்தார். ஜன்னலைத் திறந்தால் எதிர்ச்சுவர்தான் தெரியும். குழந்தை அங்கே கட்டிலைப் பிடித்துக்கொண்டு நடந்து, பிறகு பிடிக்காமலும் நடந்தது. முதலில் கையை விட்டு நடந்தபோது அவர் அங்கே இல்லை. மறுநாள் சொல்லித்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வருவார். அவள் இப்போதெல்லாம் நிறையப் பேசுகிறாள். நடுவில் சில சமயம் அவரையே திட்டுகிறாள். அவர் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மாடியில் புதுத் திரை போட்ட ஜன்னல் மூடியே கிடக்கிறது. பார்த்துவிட்டு சைக்கிள்காரர், "வாடகைக்காவது விடலாமேண்ணே" என்றார். அவர், "ஆள் வரும்" என்றார். எப்போது என்று சைக்கிள்காரர் கேட்கவில்லை. எல்லாவற்றையும் கேலி செய்கிற மனுஷன், அதைக் கேட்காமல் உள்ளே போய்விட்டார்.

வேலை முடிந்து தினமும் பெரியவள் போன் செய்வாள். குழந்தை என்ன தின்றது, பரிசோதனைக்கூடத்தில் இன்றைக்கு யார் ஊசியைக் கண்டு மயங்கி விழுந்தார் என்றெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் கேட்பாள்.

"தம்பி எப்படி இருக்கான்?"

உண்மையான அக்கறையோடுதான் கேட்பாள். அவன்மேல் அவளுக்கு இருந்த பிரியம் குறையவில்லை. ஆனாலும் அந்தக் கேள்விக்கு அடியில் இன்னொரு கேள்வி கிடப்பது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். பதிலைச் சொல்லும்போது அவர் குரலை ஒரே மட்டத்தில் வைத்துக்கொள்ளப் பார்ப்பார். நன்றாக இருக்கிறான் என்பதைச் சந்தோஷமாகச் சொன்னால் அவளுக்கு எப்படி இருக்கும், வருத்தமாகச் சொன்னால் தான் எதற்கு ஆசைப்பட்டதாக ஆகும்.

"நல்லா இருக்கான்மா. இன்னைக்குத் தெருமுனை வரைக்கும் போயிட்டு வந்தான்."

"அப்படியா." அவள் பக்கம் குழந்தை கட்டிலைத் தட்டுவது கேட்கும். "நல்லதுப்பா. மாத்திரைய நிறுத்திடாதீங்க."

"இல்லம்மா. நிறுத்தல."

போனை வைத்துவிட்டு அவர் ரொட்டியைப் பிய்த்து, நடுவில் மாத்திரையைப் பொதிந்து, தரையில் வைத்தார். இரண்டடி தள்ளி நின்று கூப்பிட்டார். சின்னவன் மெத்தையை விட்டு எழுந்து வந்தான். முன்பைவிட நன்றாகவே நடந்தான்.